ஓதுதலும் ஒப்பித்தலும்
நிலைக்கும் கல்வி குறித்து ஒரு வழக்கு

 இது ஓர் ஆசிரியரின் நினைவைப் போற்றும் சொற்பொழிவு. அவர் வாழ்நாளெல்லாம் செய்த தொழிலைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. நேரே பொருளுக்கு வருகிறேன்.

1. வழக்கு

இந்த வழக்கு இங்குள்ள பலருக்கும் பழக்கமானதுதான். பாடத்திட்டக் கூட்டங்களில் நாம் இதைப் பலமுறை வாதாடியிருக்கிறோம். நண்பர்களில் ஒரு சாரார், மனப்பாடமே நம் கல்வியைப் பீடித்த நோய் என்கிறார்கள். புரிந்தால் நினைவில் தானே தங்கும் என்பது அவர்கள் கட்சி. இன்னொரு சாரார், அந்தக் காலத்துப் பிள்ளைகள் நிகண்டையே தலைகீழாகச் சொன்னார்கள், அதை விட்டதால்தான் கெட்டோம் என்கிறார்கள்.

இரு சாராரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் நடந்தது கூட்டாகக் கத்தி ஓதுவது மட்டுமே என்று இருவரும் நம்புகிறார்கள். நான் சொல்வது இது: அங்கே பாடத்தை நிலைக்கச் செய்தது ஓதுதல் அன்று. ஓதியதைச் சுவடியை மூடிவிட்டுச் சொல்ல வைத்ததும், இடைவெளி விட்டு மீண்டும் சொல்ல வைத்ததும்தான். நாம் ஓதுதலை வைத்துக்கொண்டோம். ஒப்பித்தலை ஆண்டுக்கு ஒருமுறை வரும் தேர்வுக்கு ஒதுக்கிவிட்டோம்.

2. திண்ணையில் நடந்தது

திண்ணைப் பள்ளியின் கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை அடுத்துப் பின்னங்களின் வரிசையான பொன்னிலக்கத்துக்குப் போவான். அது முந்திரியில் தொடங்கும். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி, அதாவது 80-இல் ஒரு பங்கு. இரண்டு காணி அரை மா. இரண்டு அரை மா ஒரு மா, அதாவது 20-இல் ஒரு பங்கு. பிறகு நெல் அளவைகளின் வரிசையான நெல்லிலக்கம். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பதக்கு, தூணி கடந்து கலம் வரை போகும். அதன்பின் எண்சுவடியின் பெருக்கல் வாய்பாடுகள், முழு எண்ணுக்கும் பின்னத்துக்குமாக.

இதைக் கேட்டதும் நண்பர்கள், "பார்த்தீர்களா, வெறும் நெட்டுரு" என்பார்கள். சற்றுப் பொறுங்கள். வாய்பாட்டை வரிசையாகச் சொல்பவனுக்கு முந்தின வரியே அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கும். அந்த வகையில் ஓதுதல் எளிது. ஆனால் வரிசை களத்துமேட்டில் உதவாது. குறுணிக்கு எத்தனை உழக்கு என்று கேட்டால் அந்த விடை மேலே சொன்ன எந்த வரியிலும் இல்லை. குறுணிக்கு எட்டு நாழி என்ற வரியையும், நாழிக்கு இரண்டு உரி, உரிக்கு இரண்டு உழக்கு என்ற வரிகளையும் தனித்தனியே நினைவிலிருந்து எடுத்து, சேர்த்து, 32 என்று சொல்ல வேண்டும். வரிகள் உடனே கைக்கு வந்தால்தான் சேர்க்கும் வேலைக்கு மனத்தில் இடமிருக்கும். புரிதலும் நினைவும் இங்கே ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. ஒன்று இல்லாமல் மற்றது நடக்காது.

அடுத்து, யார் கேட்டார்கள் என்பதைப் பாருங்கள். ஓர் உபாத்தியாயர், வெவ்வேறு நிலையில் படிக்கும் பிள்ளைகள். ஆகவே மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களிடம் பாடம் கேட்டான். இளையவன் ஒப்பிக்கிறான், கேட்பவன் பிழையைப் பிடித்துத் திருத்துகிறான். பிழையைப் பிடிக்க வேண்டுமானால் கேட்பவன் மனத்திலும் அந்தப் பாடம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே ஒப்பித்தலில் இருவர் பயின்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் மாலையில் வருவது. பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரையும், ஒரு பறவை அல்லது விலங்கின் பெயரையும், ஓர் ஊரின் பெயரையும் சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்ததும் அவற்றை மறக்காமல் சொல்ல வேண்டும். ஒருவனுக்குத் தாமரை, மயில், மதுரை. பக்கத்தில் இருப்பவனுக்கு வேறு. பக்கத்துப் பையனைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஏட்டில் எழுதித் தருவதும் இல்லை. நடுவே விளையாட்டு உண்டு, சாப்பாடு உண்டு, ஓர் இரவுத் தூக்கம் உண்டு. அத்தனையையும் தாண்டி அந்த மூன்று பெயர்களும் மறுநாள் வாயில் வர வேண்டும். இந்தப் பெயர்களால் பிள்ளைக்குப் பெரிய அறிவு சேரப் போவதில்லை. அங்கே நடந்தது தேடி எடுப்பதற்கான பயிற்சி. இடைவெளி, உதவியின்மை, ஆளுக்கொரு கேள்வி, மறுநாளே திருத்தம் ஆகிய நான்கும் ஒரே வழக்கத்தில் அமைந்திருக்கின்றன. இவற்றில் பலவற்றை இன்றைய கற்றல் உளவியலும் பரிந்துரைக்கிறது. இதை நெட்டுரு என்று ஒதுக்குவது பெரும் அநீதி என்று இந்த அவையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப்பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளியைப் போல மணலில் எழுதுவதையும் பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பதையும் 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. அம்முறை ஆசிரியர் செலவைக் குறைக்கும் உபாயமாகவே பெரிதும் புகழ் பெற்றது. மாலையில் சொல்லி அனுப்பும் அந்த மூன்று பெயர்களின் நுட்பம் அந்தப் புகழில் இடம்பெறவில்லை.

3. சோதனைச்சாலையின் சாட்சி

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று போதும். ஒரு குழு உரைப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் படித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் படித்து, மூன்று அமர்வுகளில் பாராமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினர்: 83 விழுக்காடு, எதிரே 71. ஒரு வாரம் கழித்து நிலை மாறியது: படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்களோ திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம். தேர்வுக்கு முந்தின இரவில் அடிக்கோடிட்டுப் படிக்கும் நம் மாணவனின் நம்பிக்கையும் இத்தகையதே.

4. இடைவெளி

ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் இடைவெளியின் பயனைத் தம்மையே சோதித்து 1885-லேயே எழுதினார். தொடர்ந்து 68 முறை ஓதியதன் பயனை, மூன்று நாள்களுக்குப் பங்கிட்ட 38 முறையே தந்தது. உளவியலாளர் டன்லோஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் பத்துக் கற்றல் உத்திகளை ஆராய்ந்து, தன்னைத்தானே சோதித்தல், இடைவெளி விட்டுப் பயிலுதல் ஆகிய இரண்டுக்கு மட்டுமே உயர்ந்த மதிப்புக் கொடுத்தனர். அடிக்கோடிடுதலும் மறுபடி படித்தலும் கடைசி வரிசையில் நின்றன.

5. மறுப்பு

திண்ணைப் பள்ளியில் பிரம்பு இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற கொடுமை இருந்தது. பல சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் இடமில்லை. இவற்றில் ஒன்றையும் நான் மீட்கச் சொல்லவில்லை. ஒப்பித்தலுக்குத் தேவை கேள்வியும் திருத்தமும் மட்டுமே, அச்சம் தேவையில்லை.

6. இனிச் செய்ய வேண்டியவை

நேரம் கருதிச் சுருக்குகிறேன். எண்சுவடிகளை ஏட்டுப் பதிப்பாக மட்டும் பார்க்காமல், வகுப்பில் அவை எப்படிக் கேட்கப்பட்டன என்று ஆராய வேண்டும். தேவாரப் பாடசாலைகளிலும் மதரசாக்களிலும் பாடம் கேட்கும் முறைகளை ஒப்பிட வேண்டும். தமிழ்வழி வகுப்பில், மதிப்பெண் இல்லாத ஐந்து நிமிடக் கேள்விகளை முந்தின நாள், முந்தின வாரம், முந்தின மாதப் பாடங்களிலிருந்து கலந்து கேட்டு, ஓராண்டு கழித்துச் சோதிக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சிப் பாடத்தில் இதற்கு ஓர் அலகு வேண்டும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் இளைஞர்கள் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். என்னிடமுள்ள சுவடிப் படிகளையும் குறிப்புகளையும் தரத் தயாராக இருக்கிறேன். மாற்றுக் கட்சி நண்பர்கள் தங்கள் வகுப்பிலேயே ஒரு பருவம் இதைச் செய்து பார்த்துவிட்டு வாதத்துக்கு வரட்டும்.