வாசலில் வந்து நிற்கும் வரி

நடுவர் அவர்களே, எதிரணியில் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, பட்டுக்கும் பேர், அரிசிக்கும் பேர் என்று இரண்டிலும் பேர் வாங்கிவிட்ட ஆரணிப் பெருமக்களே, தாய்மார்களே!

கடல் தாண்டி வாங்கும் பழக்கம் தருவது லாபமா, தலைவலியா? தலைவலிதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி என்ன சொன்னாங்க? "உட்கார்ந்த இடத்திலிருந்து உலகத்தையே வாங்கலாம்"னு சொன்னாங்க. வாங்கலாம்மா, யாரு வேண்டாம்னா? ஆனா அந்த உலகம் நம்ம வாசலுக்கு வரும்போது கையில ஒரு சீட்டோட வந்து நிக்குதே, அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா? (சிரிப்பு)

சுங்கம் நமக்குப் புதுசு இல்லை. பட்டினப்பாலை படித்தவர்களுக்குத் தெரியும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கு, கப்பலுக்கு ஏறுகிற சரக்கு இரண்டையும் அளந்து, புலி முத்திரை குத்தி, சுங்கம் வாங்கியிருக்கிறார்கள். வள்ளுவர் 'உல்கு' என்று ஒரு சொல்லைப் போட்டு, அரசனுக்குரிய பொருள்களில் சுங்கத்தையும் சேர்த்துவிட்டார். முதற் குலோத்துங்கன் அந்தச் சுங்கத்தை நீக்கினான். அதனால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' ஆனான். வரி போட்ட ராஜா எத்தனையோ பேரு. வரியை எடுத்தவன் பேருதான் நிக்குது பாத்தீங்களா! (கைதட்டல்)

ஆனா ஒண்ணு கவனிங்க. அங்கே சுங்கம் கட்டினவன் யாரு? வணிகன். எங்கே கட்டினான்? துறைமுகத்தில். கட்டிய பிறகுதான் சரக்கு கடைவீதிக்கு வரும். வாங்குகிறவன் காதில் விழுகிற விலையில் எல்லாம் அடக்கம். இன்றைக்குக் கடைக்காரர் ஒரு நாட்டில், வாங்குபவர் வேறொரு நாட்டில். சமையலறையில நின்னுக்கிட்டு, அடுப்புல பால் பொங்குதான்னு ஒரு கண்ணு, செல்போன்ல ஒரு கண்ணு, ஒரு பட்டனை அழுத்துறாங்க. அந்த நிமிஷமே அந்த அம்மா ஒரு இறக்குமதியாளர்! (சிரிப்பு) அது அவங்களுக்கே தெரியாது. பொட்டலம் வந்த பிறகுதான் தெரியும்.

இதை ஆரணியில் வந்து பேசக் காரணம் இருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய பட்டு உங்கள் பட்டு. இந்த ஊரிலும், சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றிலும் தறி இருக்கிறது. முன்பெல்லாம் உங்கள் சேலை ஏதோ ஒரு நகரத்துப் பெரிய கடையில், அந்தக் கடையின் பேரைப் போட்டுக்கொண்டு விலைபோகும். இப்போது சேலையைப் படமெடுத்து, அயல்நாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு நேராக அனுப்புகிறார்கள். நடுவில் ஆள் இல்லை. எவ்வளவு நல்ல காரியம்! அந்த நல்ல காரியத்துக்குத்தான் 2025-ல் அடி விழுந்தது.

அமெரிக்காவில் ஒரு சலுகை இருந்தது. சின்னப் பொட்டலத்துக்குச் சுங்கம் வேண்டாம் என்று 1938-ல் சட்டத்தில் சேர்த்தார்கள். கருணையினால் இல்லீங்க. பத்து ரூபாய் வரியை வசூல் பண்ண இருபது ரூபாய் செலவாகும் என்கிற கணக்கு. 200 டாலராக இருந்த வரம்பை 2016-ல் 800 டாலர் ஆக்கினார்கள். உங்க பட்டுச்சேலையில் பெரும்பாலானது அதற்குள் அடங்கிவிடும். ஆனால் அதே வாசல் வழியாகச் சீனத்துச் சரக்கு ஆறாக ஓடியது. 2024 நிதியாண்டில் மட்டும் இந்தச் சலுகையில் நுழைந்த பொட்டலங்கள் 130 கோடிக்கு மேல்! பார்த்தார்கள். 2025 மே மாதம் சீனா, ஹாங்காங் சரக்குக்கு நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுக்கும் நிறுத்தினார்கள். யானைக்கு வெட்டின குழியில ஆட்டுக்குட்டி விழுந்த கதை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரி 50 சதவீதம் ஆகியிருந்தது. யார் வசூலிப்பது, எப்படி வசூலிப்பது என்று தெளிவு இல்லாமல் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குப் பார்சல் வாங்குவதையே நிறுத்திவிட்டது.

என் தங்கை மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அந்தச் செப்டம்பரில் தோழி கல்யாணத்துக்காக ஆரணிப் பட்டு ஒன்று எடுத்தாள். விலை 12,000 ரூபாய். தபாலில் வழியில்லை, ஒரு கூரியரில் அனுப்பினார்கள். சேலை என்ன எடை இருக்கும்? முக்கால் கிலோ. பில்லில் எவ்வளவு போட்டார்கள்? நாலு கிலோ! நான் போன் போட்டுக் கேட்டேன். "சார், அது கன அளவு எடை"ங்கிறாரு அந்தத் தம்பி. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்க வேண்டுமாம். 45, 35, 12. பெருக்கி வகுத்தால் 3.78, தூக்கி நாலு. மீதி மூணே கால் கிலோ என்னப்பா? காத்து! (பலத்த சிரிப்பு) ஆரணிக் காத்துக்கு நியூஜெர்சி வரைக்கும் விமானக் கட்டணம். அதே சேலையைத் தட்டையாக மடித்து 35, 28, 5 என்று உறையில் வைத்திருந்தால் 0.98, ஒரு கிலோவோடு போயிருக்கும். கடைக்காரப் பெருமக்கள் குறித்துக்கொள்ளுங்கள், இது பட்டிமன்றத்தில் இலவசம்.

சரி, சேலை போய்ச் சேர்ந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு போன். "மாமா, சேலை ரொம்ப நல்லா இருக்கு. ஆனா எட்டாயிரம் கேக்கறாங்க மாமா, கட்டினாத்தான் தருவாங்களாம்." 12,000-க்குக் கூடுதல் வரி 6,000. சாதாரண சுங்கம் தனி. கூரியர்காரர் முன்பணமாகக் கட்டியதற்குக் கைச்செலவு தனி. அவள் கட்டிவிட்டாள். என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள்: "இதை முன்னாடியே சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்னு இல்ல மாமா. ஏன் சொல்லல?"

இந்த இடத்தில் எதிரணித் தலைவர் காதில் வந்து, "பேராசிரியரே, கிஃப்ட்னு எழுதி, விலையைக் குறைச்சுப் போட்டா முடிஞ்சது"ன்னு சொல்றாரு. ஐயா, நீங்க போட்ட விலைதான் அந்தச் சேலைக்குச் சாட்சி. பொட்டலம் தொலைஞ்சா, எழுதின விலைக்கு மேல ஒரு பைசா ஈடு கேட்க முடியாது. பொய்க் கணக்கு என்று பிடித்தால் வழக்கு தனி. இந்தக் கிஃப்ட் வித்தையை நம்மிடமும் காட்டினார்கள். 5,000 ரூபாய் வரை பரிசுப் பொருளுக்கு இங்கே வரி இல்லாமல் இருந்தது. அயல்நாட்டு வலைக்கடைகள் கடைச்சரக்கையே பரிசு என்று ஒட்டி அனுப்பின. 2019 டிசம்பரில் அரசு கதவைச் சாத்தியது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு வரும் பரிசுக்குக் கிடையாது, கயிற்றுக்கு மட்டும்! நான் கேட்கிறேன், தங்கச்சி கட்டுற கயித்துக்கு விலக்கு உண்டு. நம்ம ஊர்த் தாய்மாமன் சீருக்கு? (கைதட்டல்)

என் தங்கை மகள் கட்டினாள். எல்லாரும் கட்டுவார்களா? "எனக்கு வேண்டாம், திருப்பி எடுத்துட்டுப் போங்க"ன்னு சொன்னா? போன கட்டணம் போச்சு, வருகிற கட்டணம் கடைக்காரர் தலையில். சேலை திரும்பி நம் நாட்டுக்குள் நுழையும்போது நம்ம சுங்கத்தார் கேட்பார்கள்: "இது என்ன இறக்குமதி?" நம்ம தறியில நெய்த சேலை, நம்ம சேலைதான் என்று காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டும்! காகிதம் சரியில்லை என்றால் அதற்கும் வரி. இரண்டு சேலை இப்படித் திரும்பினால் பெரிய கடை தாங்கும். நாலு தறிக்குப் பாவு கொடுத்து நெய்ய வைக்கிறவர் தாங்குவாரா? அடுத்த பாவைத் தள்ளிப் போடுவார். பாவு இல்லாத தறி முன்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டுக்கு அமெரிக்காவும் தெரியாது, 50 சதவீதமும் தெரியாது. "இந்த மாசம் பாவு வரல" என்பது மட்டும் தெரியும்.

வரியே கூடாது என்று நான் பேச வரவில்லை. ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலிருந்தும், சிங்கப்பூர் 2023 ஜனவரியிலிருந்தும் சின்னப் பொட்டலத்துக்கும் வரி போட்டுவிட்டன. ஆனால் யாரிடம் வசூல்? விற்கிற பெரிய வலைக்கடையிடம், பணம் கட்டும் அந்த இடத்திலேயே. வாங்குபவர் மொத்த விலையைப் பார்த்துவிட்டு, வேண்டும் வேண்டாம் என்று முடிவு பண்ணுகிறார். வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை. நம் அஞ்சல் துறையும் 2025 அக்டோபர் 15-ல் அமெரிக்கச் சேவையை மறுபடி தொடங்கியபோது அதைத்தான் செய்தது. எழுதிய மதிப்பில் 50 சதவீதத்தை இங்கே கவுண்டரிலேயே வாங்கிக்கொண்டார்கள். கூரியரில் சேர்ந்த சாதாரண சுங்கம் அப்போது தபாலில் இல்லை. சதவீதம் அரசியலோடு ஏறும், இறங்கும். நான் சொன்னது அந்த ஆண்டுக் கணக்கு. 50 பெரிய வரிதான், வலிக்கும். ஆனா ஆரணியிலேயே தெரிஞ்ச வலி!

அதனால் இங்கே இருக்கும் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். சேலை விலையை மட்டும் பெரிய எழுத்தில் போடாதீர்கள். அனுப்பும் செலவு இவ்வளவு, அந்த நாட்டு வரி இன்றைய தேதிக்கு ஏறக்குறைய இவ்வளவு, அதை நாங்கள் கட்டுகிறோமா நீங்கள் கட்டவேண்டுமா என்று பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். பத்துப் பேர் பார்த்துவிட்டு ஆறு பேர் போய்விடுவார்கள். போகட்டும். மிச்சம் நாலு பேர் சேலையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா, மேடைக்கு ஏறும்போது, "சார், எனக்குக்கூட வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்துக்கிட்டிருக்கு"ன்னு பெருமையாச் சொன்னாங்க. வரி எவ்வளவும்மான்னு கேட்டேன். "வந்தாத்தான் சார் தெரியும்"னாங்க. (பலத்த சிரிப்பு) லாபமா தலைவலியான்னு அவங்களே வந்து சொல்லட்டும்.