பறக்கப் பறக்க மாறும் ஊர்தி

கட்டுப்பாட்டுப் பொறியியலைப் பற்றித் தமிழில் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். திருவனந்தபுரத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ராக்கெட்டுகள் உருவாகும் தும்பா பக்கத்தில்தான் இருக்கிறது.

1988 ஜூலை 13 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட் வரிசையின் இரண்டாவது ஊர்தி கிளம்பியது. அதை உருவாக்கியது தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். முந்தைய ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3இன் முதல் கட்ட மோட்டாரைப் போன்ற இரண்டை இருபுறமும் துணை மோட்டார்களாகக் கட்டி, 150 கிலோ வரை சுமக்கும்படி செய்த ஊர்தி அது. துணை மோட்டார்கள் அணைந்து நடு மோட்டார் பொறுப்பேற்கும் கட்டத்தில் அது நிலைகுலைந்து உடைந்தது. 'கெயின்' போதவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. ஊர்தி ஒரு பாகை சாய்ந்தால் திருத்தும் விசையை எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற விகிதம்தான் கெயின்.

அந்த விகிதத்தை ஒரே எண்ணாக வைத்துக்கொள்ள முடியாதா? முடியாது. எரிபொருள் எரிய எரிய எடை குறைகிறது, எடைமையம் நகர்கிறது. வேகம் ஏறுகிறது, காற்றோ மேலே போகப் போக மெலிகிறது. இந்த இரண்டின் இழுபறியில் காற்றின் இயங்கு அழுத்தம் ஏறி, ஓர் உச்சம் தொட்டு, இறங்குகிறது. அதுவரை தேவைப்பட்ட கெயின் அந்த உச்சத்தில் போதாது. சிறு சாய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு கணமும் சமன்பாடு நேரியலானது. எடை, அழுத்தம் போன்ற அளவுருக்களைப் பொறுத்து அதன் கெழுக்கள்தாம் கணத்துக்குக் கணம் வேறு. இதைத்தான் அளவுரு மாறும் நேரியல் அமைப்பு என்கிறோம்.

பொறியாளர்களின் பழைய வழி அட்டவணை. பறத்தலைச் சில புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஊர்தியை உறையவைத்தாற்போல் பாவித்து, தகுந்த கெயினைக் கணக்கிட்டு, இடையில் வருவதை இட்டு நிரப்புவார்கள். ராக்கெட், விமானம் எல்லாம் பல்லாண்டுகள் இப்படித்தான் பறந்தன. கோட்பாட்டுக்காரர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அதில் அசையாமல் நின்றால் ஆட்டம் தானே அடங்கிவிடும். அசையாமல் குந்தினாலும் அடங்கிவிடும். இரண்டு நிலையும் நிலைப்பானவை. ஆனால் கீழே வரும்போது எழுந்து, ஓரத்தில் குந்தினால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு புள்ளியிலும் சரியாக இருப்பது, புள்ளிகளுக்கிடையே மாறும்போதும் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மாற்றத்தின் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதை முறையாக ஆராய்ந்தது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் அதான்ஸின் மாணவர் ஜெஃப் ஷம்மா எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு. ஆண்டு அதே 1988. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, தற்செயல்தான். 1990களில் பக்கார்ட், அப்காரியன், காஹினே போன்ற ஆய்வாளர்கள் அடுத்த அடி வைத்தார்கள்: அளவுருவின் வீச்சையும், வேண்டுமானால் மாறும் வேகத்தின் எல்லையையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த எல்லைக்குள் எந்தப் பாதையில் போனாலும் நிலைப்பு கெடாது என்று அணிச் சமனின்மைகளால் நிறுவுவது. இதற்கு விலையும் உண்டு. ஒருபோதும் நடக்காத பாதைகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தேடுவதால் கட்டுப்பாடு மந்தமாகிவிடலாம்.

இத்தனைக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அளவுரு இப்போது என்ன என்று ஊர்திக்குத் தெரிந்திருக்க வேண்டும். அட்டவணையைக் கடிகாரத்தோடு கட்டிவிட்டால், மோட்டார் சற்று முன்னதாக அணைந்த நாளில் ஊர்தி ஒரு பக்கத்தில் இருக்க, அட்டவணை வேறு பக்கத்தில் இருக்கும். மதிப்பிடும் முறைகள் இங்கேதான் வருகின்றன. வட்டியூர்க்காவிலுள்ள இஸ்ரோ நிலைம அமைப்புகள் பிரிவின் சுழல்காட்டிகளும் முடுக்கமானிகளும் அளவீடு தரும். கால்மன் 1960இல் தந்த வடிப்பி போன்றவை அந்த அளவீட்டின் இரைச்சலிலிருந்து ஊர்தியின் நிலையைப் பிரித்தெடுக்கும். ஆனால் வடிப்பியின் கெழுக்களும் அதே அளவுருவைச் சார்ந்தவை. அளவுரு பிசகினால் மதிப்பீடும் பிசகும், கட்டுப்பாடும் பிசகும், ஒரே திசையில். ஆய்வு மாணவர்கள் நிலைப்புச் சான்றுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இதற்குக் காட்டினால் நல்லது.

கணிப்பொறியையும் மறக்கக் கூடாது. 1993 செப்டம்பர் 20 அன்று இஸ்ரோவின் மற்றொரு ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி.யின் முதல் பறத்தலில், கட்டம் பிரியும்போது ஏற்பட்ட குலுக்கலை மென்பொருள் தாங்கவில்லை. ஓர் எண் தனக்கு ஒதுக்கிய இடத்தை மீறிவிட்டது. தேற்றங்களில் எண்ணுக்கு அப்படி இடநெருக்கடி வருவதில்லை.

ஏ.எஸ்.எல்.வி.க்குத் திரும்புகிறேன். மூன்றாவது ஊர்தியில் இறக்கைகள் சேர்த்தார்கள். காற்று கவிழ்க்கும் போக்கு குறைந்தது, அதாவது கெயினுக்கு விழும் சுமையே குறைந்தது. நடு மோட்டாரைக் கடிகாரம் பற்றவைக்காமல், துணை மோட்டார்களின் உந்துவிசை தணிவதை உணர்ந்து உடனுக்குடன் முடிவெடுக்கும் அமைப்பையும் வைத்தார்கள். அளவுருவை ஊகிப்பதை விட்டு அளக்கத் தொடங்கியது என்று என் துறைக் கண்ணோட்டத்தில் இதைச் சொல்வேன். 1992 மே 20 அன்று அந்த ஊர்தி ஸ்ராஸ்-சி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. பாதை எண்ணியதைவிடத் தாழ்வாக அமைந்ததால் ஜூலையிலேயே அது விழுந்துவிட்டது. 1994 மே 4 அன்று நான்காவது ஊர்தி கொண்டுசென்ற ஸ்ராஸ்-சி2 பல ஆண்டுகள் உழைத்தது.