கையெழுத்துப் பிரதியும் வீட்டு மனிதர்களும்

(ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்த உறுப்பினர்கள் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

எழுதிய நாவலை அச்சுக்கு அனுப்புமுன் வீட்டாரிடம் காட்டலாமா என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பி.எஸ்ஸி. படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். எழுபதைத் தாண்டித்தான் நாவலில் கை வைத்தேன். ஆகவே இலக்கிய விசாரம் செய்யாமல், கண்டதைச் சொல்கிறேன்.

இங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் மைசூர். அங்கே வாழ்ந்த ஆர்.கே. நாராயண், பாட்டி பார்த்துக் கொடுத்த சுபதினத்தில்தான் நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் நாவலைத் தொடங்கியதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். லண்டன் பதிப்பாளர்கள் பிரதியைத் திருப்பி அனுப்பியபடி இருந்தார்கள். மனம் வெறுத்து, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு, அதை தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி எழுதினார். நண்பரோ கிரஹாம் கிரீனிடம் கொண்டு போய்க் கொடுத்தார். 1935-ல் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வெளிவந்தது. நாள் பார்த்துத் தொடங்கி வைத்தது வீட்டு மனுஷி. கரை சேர்த்தது வெளி மனிதர்கள். இரண்டு தரப்பும் வேண்டியிருந்தது.

வீட்டார் ரசித்தால் மட்டும் போதாது என்பதற்கு ஜேன் ஆஸ்டின் சாட்சி. குடும்பமே விரும்பிப் படித்த அவர் நாவலுக்காக, 1797-ல் அவருடைய தகப்பனார் ஒரு லண்டன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். பிரதியைப் பார்க்காமலேயே மறுத்துவிட்டார்கள். அதையே பின்னால் திருத்தி, 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' என்று 1813-ல் வெளியிட்டார்.

சரி, வீட்டாரிடம் என்ன கேட்பது? "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நன்னாயிருக்கு" என்றுதான் பதில் வரும். பிரியத்தில் சொல்வது அது, பரிசோதனை முடிவாகாது. எனவே நான் ஒன்றுதான் கேட்பேன்: "எந்தப் பக்கத்தில் கீழே வைத்தாய்?" என் அகத்துக்காரி, "ஆபீஸ் ஃபைல் வர இடத்துல தூக்கம் வந்துடுத்து" என்றாள். வெளிநாட்டில் இருக்கும் பெண்ணும் மின்னஞ்சலில் அதே பக்கத்தைத்தான் குறிப்பிட்டாள். ஒருவரை ஒருவர் கலக்காமல் இருவர் ஒரே இடத்தைக் காட்டினால், அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நாலு பக்கத்தை அரைப் பக்கமாக்கினேன்.

கதையில் வீட்டு மனிதர்களே வரும்போதுதான் விஷயம் கஷ்டமாகிறது. என் நாவல் பால்ய விதவையான என் அத்தையைப் பற்றியது. எண்பது வயதைத் தாண்டிய என் அக்காவுக்குக் கண் சரியில்லை. அதனால் நானே உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். ஏழாவது அத்தியாயத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"அத்தை பட்டதெல்லாம் ஊர் படிக்கணுமாடா? அவளே யார்கிட்டயும் சொல்லிண்டதில்லையே!"

எனக்கு உடனே பதில் வரவில்லை. எழுதாவிட்டால், அப்படி ஒருத்தி இருந்ததே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போய்விடும். எழுதினாலோ, அவள் காப்பாற்றிய மௌனத்தை நான் கலைக்கிறேன். இரண்டு நாள் கழித்து அக்காவே கூப்பிட்டாள். அத்தை பத்திரிகைகளை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்து, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு படிப்பாளாம். "அதை எழுது. மாமனார் அகத்துல நடந்ததை எடுத்துடு" என்றாள்.

அப்படியே செய்தேன். பெயரையும் ஊரையும் மாற்றினேன். அத்தை கஷ்டப்பட்டாள் என்பதை மறைக்கவில்லை. அவமானப்பட்ட அந்த ஒரு காட்சி மட்டும் இல்லை. அரிசி டின் வந்த பிறகு அத்தியாயத்துக்கு உயிர் வந்ததாக என் பெண் எழுதினாள்.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட விதி இது. நடை, நீளம், முடிவு பற்றி வீட்டார் சொல்வது யோசனை. ஏற்பதும் விடுவதும் எழுதுகிறவன் இஷ்டம். ஆனால் அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து எடுத்ததைப் பற்றி அவர்கள் சொல்வது ஆட்சேபணை. அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதனால்தான் பதிப்பாளருக்குப் போகுமுன் காட்ட வேண்டும் என்கிறேன். அச்சான பிறகு காட்டினால் அது வெறும் தகவல்.

பிரதி ஒவ்வொன்றிலும் தேதி போடுங்கள். ஒரு முழுப் பிரதி வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். நம் வயதில் அது அவசியம்.

என் நாவல் இப்போது ஒரு பதிப்பகத்தின் பரிசீலனையில் இருக்கிறது. பதில் எப்படி வந்தாலும், அக்கா அதை முழுக்கக் கேட்டாகிவிட்டது.