பரத்பூர் எருமைகளும் பாறு கழுகுகளும்

இயற்கையோடு இயைந்து வாழ்வதுதான் மனித குலத்தின் இறுதி இலக்காக இருக்க வேண்டுமா? பட்டிமன்றத்தில் பேசிக் கலைய வேண்டிய கேள்வி அல்ல இது. 2010இல் ஜப்பானின் நகோயா நகரில் கூடிய உலக நாடுகள், 2050க்குள் மனிதர்கள் இயற்கையோடு இயைந்து வாழும் நிலையை எட்ட வேண்டும் என்று முடிவு செய்தன. 2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியலில் கூடியபோதும் அதையே மறுபடி உறுதி செய்தன. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனாலும் என்றோ ஒருநாள் போய்ச் சேர வேண்டிய இடமாக அதை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இன்று நாம் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் அது நிபந்தனையாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை ராஜஸ்தானின் பரத்பூரில் பார்க்கலாம்.

பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்கா சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. வலசை வரும் பறவைகளால் உலகப் புகழ் பெற்றது. ஏதோ ஆதிகாலச் சதுப்பு நிலம் போலத் தெரியும் அந்த இடம் உண்மையில் மனிதக் கைகளால் உருவானது. 18ஆம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ் மல் காலத்தில் அஜான் அணைக்கரை எழுந்தது. அந்த அணையின் நீரைத் தாழ்நிலத்தில் தேக்கி, கரைகளும் மடைகளும் அமைத்து, பின்னால் வந்த மன்னர்கள் அதை வாத்து வேட்டைக்களம் ஆக்கினார்கள். 1938இல் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. சுற்றுவட்டார ஊர்க்காரர்களோ காலங்காலமாக அங்கே எருமைகளை மேய்த்து வந்தார்கள். தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், 1982இல் அந்த மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எருமைகள் வாழ்விடத்தைக் கெடுக்கின்றன என்று பறவையியல் மேதை சாலிம் அலியே நம்பினார். தடையை எதிர்த்த ஊர்க்காரர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியதில் உயிர்கள் பலியாயின. அதன் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மேய எருமைகள் இல்லாததால் ஒருவகை நீர்ப்புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது. மீனுக்கும் நீர்ப்பறவைக்கும் இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்தாண்டு நடத்திய ஆய்வு, எருமைகள் இருந்ததுதான் அந்த நீர்நிலைக்கு நல்லது என்ற முடிவுக்கு வந்தது. சாலிம் அலி வாழ்நாளெல்லாம் உழைத்த கழகம் அது. தன் பக்கத்துக் கருத்துக்கு எதிராக வந்த முடிவை மறைக்காமல் வெளியிட்ட அதன் நேர்மை பாராட்டுக்குரியது.

இங்கே தவறியது அக்கறை அல்ல. மனிதக் கை படாத இயற்கை என்ற ஒரு சித்திரத்தை முதலில் வரைந்துகொண்டு, அதை எட்டுவதற்காக அங்கே பிழைத்தவர்களை வெளியே தள்ளினார்கள். இலக்கு என்று ஒன்றை வைத்தாலே அப்படி ஒரு சித்திரம் தேவைப்படுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் அப்படி யாரும் வரையவில்லை. அது பாசன ஏரி. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உழவர்கள் கண்டுகொண்டார்கள், வேட்டைக்காரர்களை விரட்டினார்கள். பறவைகளைக் காக்க அவர்களுக்கிருந்த உரிமையை 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் எழுத்தில் உறுதி செய்து கொடுத்தார். ஏரி வேண்டும், விளைச்சல் வேண்டும், பறவையும் இருக்க வேண்டும் என்று அன்றாடம் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது.

என் வாதத்துக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. பெரியம்மைக் கிருமியும் இயற்கைதானே? 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடிப் பேரைப் பலிகொண்ட கிருமி அது. அதோடு இயைந்து வாழ மனிதர்கள் மறுத்ததால்தான் 1980இல் உலகம் அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார அமைப்பால் அறிவிக்க முடிந்தது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். குழந்தைகள் சாகாமல் வளர வேண்டும், யாரும் பசித்துக் கிடக்கக் கூடாது என்பவை மனிதர்கள் தாமாக வகுத்துக்கொண்ட இலக்குகள். இயற்கை அவற்றை நமக்குச் சொல்லித் தரவில்லை. அவற்றைக் கைவிடச் சொல்லும் எந்த இயற்கை நேயமும் எனக்கு ஏற்புடையது அல்ல.

அப்படியானால் முதலில் சோறும் மின்சாரமும் வரட்டும், இயற்கையைப் பிறகு பார்க்கலாம் என்று சிலர் அடுத்த அடி எடுத்து வைக்கிறார்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். பாறு கழுகுகளின் கதை அதற்குச் சான்று. 1980களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. ஊருக்கு வெளியே கிடக்கும் மாட்டுச் சடலத்தைத் தோலும் எலும்புமாக்கிவிடும் அந்தப் பறவைகளுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. 1990களில் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி கால்நடைகளுக்கு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. அந்த மருந்து போட்ட மாடு இறந்தால், அதைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டுச் செத்தது. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்துபோனது. சடலங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் மாவட்டவாரியாக இறப்புக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்பது அவர்களின் மதிப்பீடு. நாய்க்கடி ஊசி எட்டாத ஊரில், ஆற்று நீரை அப்படியே குடிக்கும் வீட்டில் இதன் அடி முதலில் விழும். இயற்கையைப் பிறகு பார்க்கலாம் என்பது ஏழைகளின் பெயரால் சொல்லப்படுகிறது. அதன் விலையைக் கொடுப்பவர்களும் அவர்களே.

இதற்கு விடையாக, மாடு வலியால் துடிக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. டைக்ளோஃபினாக்தான் காரணம் என்று 2004இல் ஆய்வு வெளியானது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. மெலாக்சிகாம் என்ற வேறு மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்று சோதனைகள் காட்டின. மாட்டின் வலியும் தீரும், பறவையும் பிழைக்கும். நான் சொல்லும் நிபந்தனை இதுதான்: நம் தேவை நிறைவேறட்டும், அந்த வழி யாரைச் சாகடிக்கிறது என்று பார்த்து வழியை மாற்றுவோம்.

எல்லா விளைவையும் முன்கூட்டியே அறிய முடியுமா என்று கேட்கலாம். முடியாது. 1990களில் அந்த மருந்தை விற்றவர்களையோ மாட்டுக்குப் போட்டவர்களையோ நான் குற்றம் சொல்ல மாட்டேன். தெரிந்த பிறகு நடந்ததற்கு என்ன சமாதானம்? மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாடுகளுக்குப் போட்டதைத் தடுக்க, ஒரு குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2015இல்தான் வந்தது. அசிக்ளோஃபினாக் என்ற மருந்து மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது என்று ஆய்வாளர்கள் காட்டிப் பல ஆண்டுகள் ஆன பின்பே, 2023இல் அதுவும் கீட்டோப்ரோஃபெனும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. முதல் தடைக்கும் இந்தத் தடைக்கும் நடுவே 17 ஆண்டுகள். தொலைவில் ஓர் இலக்கு இருந்தால் இப்படிக் காத்திருக்க மனம் வரும். நிபந்தனையாக இருந்திருந்தால், பாறுகளுக்குத் தீங்கில்லை என்று நிரூபிக்காத எந்தக் கால்நடை வலிநிவாரணியும் கடைக்கே வந்திருக்காது. அந்த விதியை அரசு இப்போதாவது கொண்டுவர வேண்டும்.

நீலகிரி மலையடிவாரத்தில், மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. மாடு வளர்க்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாட்டுக்கு வலிக்கு ஊசி போட வரும் மருத்துவரிடம் அது என்ன மருந்து என்று கேளுங்கள். மெலாக்சிகாம் போடச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே டைக்ளோஃபினாக் வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள்.