பசியை விட்டுவிட்டு விளையாட்டைப் படம்பிடித்தவர்கள்

(வாசிப்பு வட்டமொன்றில் திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தி ஹங்கர் கேம்ஸ்' படத்தை இப்போதுதான் பார்த்து முடித்திருக்கிறோம். உங்களில் பலர் நாவலையும் படித்திருப்பீர்கள். இப்படியான படம் முடிந்ததும் வழக்கமாக எழுகிற கேள்வி, 'நாவலில் இருப்பதுபோல் எடுத்திருக்கிறார்களா?' என்பதுதான். இந்தக் கேள்வி நமக்குப் பெரிதாக உதவாது. 142 நிமிடப் படத்தில் ஒரு நாவல் முழுதாக அடங்காது. எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும். எதை வெட்டினார்கள், வெட்டிய பிறகு கதையின் அரசியல் மிஞ்சியதா என்பதே நான் கேட்க விரும்புவது.

சூசன் காலின்ஸின் நாவல் 2008இல் வந்தது. கேரி ராஸ் இயக்கிய படம் 2012இல் வந்தது. திரைக்கதையில் காலின்ஸுக்கும் பங்குண்டு. ஆகவே எழுத்தாளரை ஏமாற்றிவிட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

கதை உங்களுக்குத் தெரியும். பானெம் என்ற நாடு. தலைநகர் கேபிட்டல். அதற்கு உழைத்துக்கொட்டும் 12 மாவட்டங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையன், ஒரு பெண் எனக் குலுக்கலில் எடுத்து, 24 பேரை ஒருவரையொருவர் கொல்லவிட்டு, தொலைக்காட்சியில் காட்டுவார்கள். ஒருவர்தான் உயிரோடு திரும்பலாம்.

குலுக்கல் என்றால் எல்லோருக்கும் ஒரே வாய்ப்புதானே என்று தோன்றும். நாவலின் கூர்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் சோறு இல்லையென்றால் உன் பெயரை இன்னொரு முறை எழுதிப் போடு, ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கான சொற்ப தானியமும் எண்ணெயும் தருகிறோம் என்கிறது அரசு. இதற்கு 'டெசரா' என்று பெயர். காட்னிஸ் 12 வயதிலேயே தனக்கும் அம்மாவுக்கும் தங்கைக்குமாக மூன்று முறை கூடுதலாகப் பெயர் கொடுக்கிறாள். போட்ட சீட்டுகள் வருடாவருடம் சேர்ந்துகொண்டே போகும். 16 வயதில் அவள் பெயரில் 20 சீட்டுகள். பெரிய குடும்பத்தைத் தாங்கும் கேலுக்கு 18 வயதில் 42. அதே ஊரின் மேயர் மகள் மேட்ஜுக்கு அதிகம்போனால் ஐந்து. சட்டம் எல்லோருக்கும் பொது. பசி பொது அல்ல. யாரையும் பெயர் சொல்லி ஒதுக்காமலேயே, யார் சாகவேண்டும் என்பதை அந்தச் சட்டம் தீர்மானித்துவிடுகிறது.

படத்தில் இது இரண்டு வசனங்களில் கடந்துபோகிறது. கேல் 42 என்ற எண்ணைச் சொல்கிறான். காட்னிஸ் தங்கையிடம், சாப்பாட்டுக்காகப் பெயரைக் கூடுதலாகக் கொடுத்துவிடாதே என்கிறாள். நாவல் படிக்காத ஒருவருக்கு அந்த 42க்குப் பின்னால் இருக்கும் கணக்கு புரியவே வாய்ப்பில்லை.

மேட்ஜ் படத்தில் இல்லவே இல்லை. நாவலில் காட்னிஸின் தங்க மாக்கிங்ஜே ஊசியைக் கொடுப்பவள் அவள்தான். படத்தில் அது சந்தையில் ஒரு மூதாட்டியிடமிருந்து வருகிறது. பாத்திரங்களைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். ஆனால் மேட்ஜோடு சேர்ந்து ஒரு கேள்வியும் போய்விட்டது. அவளுடைய அழகான உடையையும் தங்க ஊசியையும் பார்த்து கேல் குத்தலாகப் பேசும் இடத்தில்தான், இந்த டெசரா முறை ஒரே மாவட்டத்து மக்களைத் தங்களுக்குள் வெறுக்கவைக்கிற ஏற்பாடு என்பது வாசகருக்குப் புரிகிறது.

அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. படிநிலைச் சமத்துவமின்மை என்று அவர் சொன்னது இதைத்தான். மேலே ஒருவன், கீழே எல்லோரும் என்றிருந்தால் கீழே இருப்பவர்கள் ஒன்று சேர்ந்துவிடலாம். ஒவ்வொருவனுக்கும் கீழே இன்னொருவனை வைத்தால் சேர்வது கடினம். 1, 2ஆம் மாவட்டங்கள் கேபிட்டலின் செல்லப்பிள்ளைகள். 12ஆம் மாவட்டம் கடைசி. அந்தக் கடைசிக்குள்ளும் கடைவீதிக்காரர்கள் வேறு, 'சீம்' எனப்படும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வேறு. கடைவீதிப் பிள்ளைகளுக்குப் பொன்னிற முடி, நீலக் கண். சீம் பிள்ளைகளுக்குக் கறுத்த முடி, ஆலிவ் நிறத் தோல். பானெமில் சாதி இல்லை. ஆனால் இந்த ஏணியின் படிகளை நாம் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வோம்.

நாவலின் ரொட்டிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அப்பா சுரங்க விபத்தில் இறந்த பிறகு, பசியில் காட்னிஸ் ரொட்டிக்கடையின் பின்புறக் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்க்கிறாள். சீம் பிள்ளைகள் தன் குப்பையைக் கிளறுவதாகக் கடைக்காரரின் மனைவி கத்துகிறாள். பிறகுதான் பீட்டா ரொட்டியைக் கருகவிட்டு அடி வாங்கிக்கொண்டு, அதை அவள் பக்கம் வீசுகிறான். படத்தில் இது துண்டுதுண்டான நினைவுகளாக வருகிறது. மழை இருக்கிறது, ரொட்டி இருக்கிறது. எந்தக் குடியிருப்புப் பிள்ளை என்று சொல்லித் திட்டும் அந்த வசவு இல்லை. அது இல்லாதபோது, எஞ்சுவது ஒரு காதல் கதையின் தொடக்கம் மட்டுமே.

அடுத்து நிறம். காட்னிஸ் வேடத்துக்கான நடிகர் தேர்வு அறிவிப்பிலேயே வெள்ளையினப் பெண் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஜெனிஃபர் லாரன்ஸ் தன் பொன்னிற முடிக்கு அடர்நிறச் சாயம் பூசி நடித்தார். அவர் நடிப்பில் நான் குறை சொல்ல மாட்டேன். படத்தைத் தாங்குவதே அவர் முகம்தான். ஆனால் ஆலிவ் நிறம் என்று எழுதப்பட்ட ஒரு பாத்திரத்துக்கு மற்றவர்கள் விண்ணப்பிக்கவே முடியாமல் செய்தது தயாரிப்புத் தரப்பின் முடிவு.

11ஆம் மாவட்டத்துச் சிறுமி ரூ விஷயத்தில் இன்னொன்று நடந்தது. அவளுக்கு அடர்பழுப்புத் தோல் என்று நாவலில் தெளிவாக எழுதியிருக்கிறது. அமண்ட்லா ஸ்டென்பெர்க் நடித்ததும், ரூ கறுப்பினப் பெண்ணா என்று ரசிகர்கள் பலர் ட்விட்டரில் கொதித்தார்கள். அவள் சாவு தங்களை முன்புபோல் பாதிக்கவில்லை என்றுகூடச் சிலர் எழுதினார்கள். அப்பாவிக் குழந்தை என்று படித்த உடனேயே அவர்கள் மனம் அவளை வெள்ளையாக்கிவிட்டிருந்தது. அமெரிக்கர்களைப் பார்த்து மட்டும் நாம் தலையாட்ட வேண்டியதில்லை. கதாநாயகி என்றதும் நம் மனதில் எந்த நிறம் வருகிறது என்று நம்மையும் கேட்டுக்கொள்ளலாம்.

11ஆம் மாவட்டம் விவசாய மாவட்டம். உங்களுக்காவது கொஞ்சம் அதிகமாகச் சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்தேன் என்கிறாள் காட்னிஸ். விளைச்சலில் கைவைத்தால் ஊரறியச் சாட்டையடி என்று ரூ விளக்குகிறாள். விளைவிப்பவர்கள் பட்டினி கிடப்பதைப் பற்றிய இந்த உரையாடலைப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. ரூ இறந்த பிறகு அந்த ஏழை மாவட்டம் தன் பங்கிலிருந்து காட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறது. ஒரு மாவட்டம் தன் பிள்ளையல்லாத ஒருவருக்கு அன்பளிப்பு அனுப்புவது அதுவரை நடக்காதது. ஏணியின் படிகள் ஆட்டங்காண்பது அந்த ரொட்டியில்தான். அதுவும் படத்தில் இல்லை.

அதற்குப் பதில் படம் வேறொன்றைத் தருகிறது. ரூவின் உடல்மீது பூக்களை வைத்துவிட்டு காட்னிஸ் கேமராவை நோக்கி மூன்று விரல்களை உயர்த்துகிறாள். 11ஆம் மாவட்ட மக்கள் பதிலுக்கு உயர்த்துகிறார்கள். உடனே கலகம் வெடிக்கிறது. நாவல் முழுக்க காட்னிஸின் பார்வையிலேயே நடப்பதால், அவள் கண்ணுக்கு எட்டாத இந்தக் காட்சியை அதனால் காட்டியிருக்க முடியாது. விளையாட்டை வடிவமைப்பவர்களின் கட்டுப்பாட்டு அறையும் அப்படித்தான். தீப்பந்தையும் மிருகங்களையும் ஒரு பொத்தானில் அனுப்பிவிட்டு, வேலை நன்றாக நடந்ததாக மகிழும் அந்தச் சாதாரண ஊழியர்களின் முகங்கள் படம் தந்த கொடை. கொடுமை செய்ய ராட்சதர்கள் தேவையில்லை, ஒழுங்காக வேலைக்கு வருபவர்கள் போதும் என்பதை அவை காட்டுகின்றன.

ஆனால் வெளியே நடந்ததையும் பார்க்க வேண்டும். இரண்டாம் படம் வந்த 2013இல் கேபிட்டல் பெயரில் கவர்கேர்ள் நிறுவனம் ஒப்பனைப் பொருள் வரிசை வெளியிட்டது. சப்வே உணவகம் படத்தோடு சேர்ந்து விளம்பரம் செய்தது. பட்டினியைப் பற்றிய கதையை வைத்து சாண்ட்விச் விற்றார்கள். பசியைப் படத்திலிருந்து எடுத்துவிட்டதால்தான் இது யாருக்கும் உறுத்தாமல் போனது என்று நினைக்கிறேன்.

அதே படங்கள்தான் அந்த மூன்று விரல்களை உலகத்துக்குக் கொடுத்தன என்பதையும் மறைக்கக் கூடாது. நாவலில் அது 12ஆம் மாவட்டத்தில் எப்போதாவது இறுதிச் சடங்குகளில் காட்டப்படும் பழைய சைகை. நன்றி, மரியாதை, பிரியாவிடை. 2014இல் ராணுவப் புரட்சிக்குப் பின் தாய்லாந்து மாணவர்கள் அதை எதிர்ப்பின் அடையாளமாக உயர்த்தினார்கள். அதற்காகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 2021இல் மியான்மர் மக்கள் அதையே ராணுவத்தின் முன் உயர்த்தினார்கள். தயாரிப்பாளர்கள் என்ன நினைத்து எடுத்தார்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. தங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டார்கள்.

ஆக என் தீர்ப்பு இது. நேர்த்தியான, சில இடங்களில் துணிச்சலான படம். அதிகாரத்தை நன்றாகக் காட்டுகிறது. அந்த அதிகாரம் எதில் நிற்கிறது என்பதைக் காட்டவில்லை. விளையாட்டின் கொடூரம் வருடத்துக்குச் சில வாரங்கள்தான். தானியத்துக்காகப் பெயரெழுதிக் கொடுக்கும் வரிசை வருடம் முழுக்க நிற்கிறது. அரங்கத்தில் நடக்கும் கொலையைப் பார்த்துப் பதறுவது எளிது. கேபிட்டல்காரர்கள்கூடச் சில சமயம் கண்ணீர் விடுகிறார்கள். அந்த வரிசையைப் பார்த்துப் பதறவைப்பதுதான் கடினம். நாவல் அதைச் செய்தது. ஒடுக்கப்பட்டோரின் கதையை யார் படமாக்கினாலும் முதலில் நாம் தேடவேண்டியது அந்த வரிசையைத்தான்.

 ஜெய்பீம்.