தோய்க்க முன் ஒரு சொல்

(ஜெயபுரத்தில் கூடிய பழைய மாணவிகளிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பழைய கைவேலைகளைத் தரும்படி சங்கம் கேட்டதிலிருந்து, தையலில் எனக்குள்ள பைத்தியம் தெரிந்தவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இதைத் தோய்த்துத் தரட்டோ, அப்படியே தரட்டோ?"

அவசரப்பட்டுத் தோய்க்க வேண்டாம் என்பதே என் பதில்.

உடுவிலில் 1824 இல் அமெரிக்க மிஷனரிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய காலத்திலேயே ஊசியும் நூலும் எங்கள் வகுப்பறைக்குள் வந்துவிட்டன. அதன்பின் எத்தனை தலைமுறை சங்கிலித் தையலும் காம்புத் தையலும் பழகியது! வன்னியில் 2008 இலும் 2009 இலும் அலுமாரியோடு போனவை போக, மிஞ்சியவை கொஞ்சம். இந்த ஊரிலிருக்கும் மூத்த மாணவி ஒருவர், பள்ளிக்கூடத்தில் தைத்த தலையணை உறைக்குள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் போட்டுக் கட்டி, மாத்தளன் வரை சுமந்து, செட்டிகுளம் முகாமிலும் வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்தார். ஓரத்தில் மண்ணிறக் கறை. ஈரப் பஞ்சை உறையின் பின்பக்கத்தில் ஒற்றிப் பார்த்தேன். சிவப்பு நூலின் சாயம் பஞ்சில் இறங்கியது. "கறை கிடக்கட்டும் பிள்ளை, பூ போகக்கூடாது" என்றார். அந்த உறை தண்ணீர் காணாது.

எல்லாருக்கும் முதல் வேலை அந்தப் பரிசோதனைதான். ஒவ்வொரு நிறத்தையும், முக்கியமாகச் சிவப்பையும் கறுப்பையும், சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த வெள்ளைப் பஞ்சால் ஓரிரு நிமிடம் பின்பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். நிறம் வந்தால் தோய்க்காதீர்கள். உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் பிடித்துவிடும் என்று சொல்வார்கள். நூலில் ஒட்டாத சாயத்தை அவை ஒட்டவைக்காது. பட்டு நூலையும் மினுக்கப் பொட்டு வைத்த வேலையையும் வீட்டில் நனைக்கவே வேண்டாம்.

நிறம் வராவிட்டால், அகன்ற பேசினில் குளிர்ந்த தண்ணீர், வெளிற்றி இல்லாத மென்மையான திரவச் சவர்க்காரம் சில துளி. எங்கள் கிணறுகளில் சுண்ணாம்பு கூட. அந்தத் தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் போட்டால் சாம்பல் நிறப் படிவு நூலில் தங்கும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் அல்லது குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. லண்டனிலிருக்கும் தங்கைமாரே, உங்கள் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான். சலவை இயந்திரம் என்ற பேச்சே வேண்டாம்.

தேய்க்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. துணியை வலைத்துணி ஒன்றின் மேல் வைத்து இறக்கினால், தூக்கும்போது ஈரப் பாரத்தில் பழைய நூல் அறாது. இடையில் சாயம் கசியத் தொடங்கினால் வெளியே எடுத்துக் காயப்போடாதீர்கள். காய்ந்தால் அது நின்றுவிடும். தெளியும்வரை குளிர்ந்த தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

இரத்தக் கறை என் துறை. குளிர்ந்த தண்ணீர் மட்டும். சூடு பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் அவித்த முட்டை மாதிரி இறுகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். தைக்கும்போது ஊசி குத்திய புதுப் பொட்டுக்கு உங்கள் எச்சிலைப் பஞ்சில் எடுத்து ஒற்றச் சொல்லி தையல் ரீச்சர்மார் சொல்லித்தந்தது சரியான வைத்தியம். காயம் கழுவும் ஐதரசன் பெரொட்சைட்டை நிற நூலில் ஊற்றாதீர்கள், வெளிறிவிடும்.

துவாயின் மேல் விரித்து, நிழலில் காயவிடுங்கள். மினுக்குவதற்கு முன், கறையும் படம் கீறிய காபன் அடையாளமும் போய்விட்டதா என்று பாருங்கள். சூடு அவற்றை நிரந்தரமாக்கிவிடும். தடித்த துவாயை மடித்துப் போட்டு, பூ கீழ்ப்பக்கம் பார்க்க, சற்று ஈரமாக இருக்கும்போதே மேலே மெல்லிய வெள்ளைத் துணி விரித்து மினுக்குங்கள். இழுக்காதீர்கள், வைத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். அப்போதுதான் பிரெஞ்சு முடிச்சு துவாய்க்குள் புதைந்து உருண்டையாக நிற்கும். நேரே பூவின் மேல் மினுக்கினால் எல்லாம் தட்டையாகிவிடும்.

திரும்ப வைக்கும்போது கஞ்சி போடாதீர்கள். வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. பொலித்தீன் பையும் வேண்டாம், உள்ளே ஈரம் தங்கும். பழைய மடிப்பிலேயே மடித்தால் அந்த வரியில்தான் நூல் அறும். வெள்ளைப் பருத்தித் துணியோடு சுருட்டி வையுங்கள். ஊசி ஏதும் குத்தியிருந்தால் கழற்றிவிடுங்கள், துருக்கறை எடுப்பது பெரிய கரைச்சல்.

கண்காட்சிக்குப் பொருட்களைப் பொறுப்பேற்கும் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். சுருங்கிப்போய் வருவதைப் பார்த்து, வடிவாக இருக்கட்டும் என்று நீங்களே மினுக்கிவிடாதீர்கள். தந்தவரை ஒருமுறை கேளுங்கள். வெயில் விழும் யன்னலோரத்தில் வைக்காமல், உள்பக்கச் சுவரோடு மேசையைப் போடுங்கள்.