மூன்றாம் முறை வந்த ஸ்ரீகாந்த் திவாரி



'த ஃபேமிலி மேன்' என்ற இந்திய உளவுத் தொடரின் மூன்றாவது சீசன் அமேசான் பிரைம் வீடியோவில் 2025 நவம்பர் 21ஆம் திகதி வெளியானது. இரண்டாவது சீசன் வந்தது 2021 ஜூன் மாதம். நாலரை வருடம் காத்திருந்தோம். நமது புத்தளம் மாவட்டத்தின் பள்ளிவாசல்துறையில் வலை தைக்கிற பொடியன்கள் முதல் பாடசாலை ஆசிரியர்கள் வரை இந்தத் தொடரைக் கைத்தொலைபேசியில் பார்த்து, விடிய விடியப் பேசியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் நானும் ஒருவன். ஏழு அங்கங்களையும் பார்த்து முடித்தபோது எனக்கு மிஞ்சியது ஏமாற்றம். அதற்கான காரணத்தைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

உளவுக் கதைகள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் உளவாளி சந்தேகப்பட்டால் அது சரியாகவே இருக்கும். அவன் சுட்டால் விழுகிறவன் கெட்டவனாகவே இருப்பான். இந்தத் தொடரை உருவாக்கிய ராஜ், டீ.கே. இரட்டையர் முதல் சீசனிலேயே அந்த வழக்கத்தை உடைத்தார்கள். கரீம் என்ற கல்லூரி மாணவனை நினைவிருக்கிறதா? அவனும் நண்பர்களும் அரசியல்வாதிகளுக்கு எதிராக ஏதோ ஓர் எதிர்ப்புச் செயலுக்குத் திட்டமிடுகிறார்கள். 'டாஸ்க்' என்ற பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவு அவர்களைப் பயங்கரவாதிகள் என்று எண்ணித் துரத்துகிறது. கரீம் சுடப்பட்டு இறக்கிறான். தேடிய ஆள் அவன் இல்லை என்பது பிறகுதான் தெரியவருகிறது. உண்மை வெளியே வராமல் மூடப்படுகிறது. மனோஜ் பாஜ்பாயி ஏற்ற டாஸ்க் அதிகாரி ஸ்ரீகாந்த் திவாரி அதை மனதில் சுமந்துகொண்டே வீட்டுக்குப் போகிறான், மகளோடு சண்டை போடுகிறான், மனைவியிடம் பொய் சொல்கிறான்.

அந்த சீசன் வெளியானது 2019 செப்டெம்பரில். இலங்கையில் நமக்கு அது எப்பேர்ப்பட்ட வருடம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஜனவரியில் நமது மாவட்டத்தின் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அதன் பின் எழுந்த வன்முறையில், மே மாதம் இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் வெட்டிக் கொல்லப்பட்டார். சோதனைச் சாவடியில் முஸ்லிம் பெயரைச் சொன்னதும் இரண்டாம் தடவை ஏற இறங்கப் பார்க்கப்பட்ட பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கரீமின் கதை வேற்று நாட்டுக் கதையாகத் தெரியவில்லை. ஓர் இந்திய உளவுத் தொடர், தவறான சந்தேகத்தின் பாரத்தை அந்த உளவாளியின் தோளிலேயே ஏற்றி வைத்ததை நான் பெரிய துணிச்சலாகவே கருதுகிறேன்.

இரண்டாவது சீசனில் எனக்குக் குறை உண்டு. இலங்கைத் தமிழ்ப் போராளிகளைப் பாகிஸ்தான் உளவுத்துறையோடு கூட்டுச் சேர்த்த கதை அது. தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. மாநில அரசே தடை கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கோபம் நியாயமானது. யுத்தத்தில் பட்ட துன்பம் ஒரு திகில் கதைக்கு மூலப்பொருளாகச் சுருங்கிப்போயிற்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்த முஸ்லிம்களோடு வாழ்கிற நமக்கு, அந்த யுத்தம் எத்தனை முகம் கொண்டது என்று தெரியும். தொடருக்கு அது தெரியவில்லை. அவர்கள் பேசிய இலங்கைத் தமிழும் நம் காதுக்கு ஒட்டவில்லை.

அப்படியிருந்தும் அந்த சீசனை நான் மதிக்கிறேன். ஸ்ரீகாந்த் டாஸ்க் வேலையை விட்டு ஒரு தகவல் தொழில்நுட்பக் கம்பனியில் கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருப்பான். அவனைவிட வயதில் மிகச் சிறியவனான மேலாளர் அவனுக்கு முன்னேற்றத்தைப் பற்றி வகுப்பெடுப்பான். ஸ்ரீகாந்தின் தாடை இறுகுவதைக் கமரா அவசரப்படாமல் காட்டும். சமந்தா நடித்த போராளி ராஜி பேருந்தில் நெரிசலில் நின்றபடி, உரசுகிறவனைத் திரும்பிப் பார்க்காமல் பொறுத்துக்கொள்கிற காட்சியில் வசனமே தேவைப்படவில்லை. உதய் மகேஷ் நடித்த ஓய்வுபெற்ற உளவாளி செல்லம் சார் கொஞ்ச நேரமே வந்தார். ஆனாலும் ஊரெங்கும் அவர் பெயர்தான்.

இனி மூன்றாவது சீசன். கதை நாகாலாந்துக்குப் போகிறது. சமாதான முயற்சி ஒன்றைக் குலைக்கத் தாக்குதல் நடக்கிறது. ஸ்ரீகாந்தின் மேலதிகாரி கொல்லப்படுகிறார். பழி ஸ்ரீகாந்த் மீதே விழுகிறது. குடும்பத்தோடு ஓடி ஒளிகிறான். இதைக் கேட்டபோது எனக்குள் எவ்வளவு எதிர்பார்ப்பு! சந்தேகப்பட்டே பழகியவன் இப்போது சந்தேகிக்கப்படுகிறான். கரீம் நின்ற இடத்தில் அவன் நிற்கிறான். தன் சொந்தப் பிரிவே தன்னைத் துரத்தும்போது அந்தப் பையனின் முகம் ஒரு தடவையாவது அவனுக்கு வரவேண்டாமா? மூன்று சீசன்களையும் கட்டி நிறுத்தியிருக்கக்கூடிய தூண் அது. தொடர் அதன் பக்கமே திரும்பவில்லை. ஸ்ரீகாந்த் குற்றமற்றவன், பார்க்கிற நாமும் அதை அறிவோம், எனவே ஓட்டம் வெறும் ஓட்டமாகவே முடிகிறது.

ஜெய்தீப் அஹ்லாவத் நடித்த ருக்மா மட்டும் விதிவிலக்கு. போதைப்பொருள் கடத்துகிற ஒரு கொலைகாரன், காதலியை இழந்தபின் அவளுடைய சின்னப் பிள்ளையோடு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிற இடங்களில் அஹ்லாவத் பெரிய நடிகர் என்று நிரூபிக்கிறார். வடகிழக்கு நடிகர்களுக்கும் அவர்களுடைய மொழிக்கும் கொடுத்த இடத்தையும் பாராட்டவேண்டும். இரண்டாவது சீசனில் நமக்குக் கிடைக்காத கவனம் அது. ஆனால் லண்டனில் நிம்ரத் கவுர், ஆயுத வியாபாரம், பெரு முதலாளி, பிரதமர் அலுவலகம் என்று சதி பெருகப் பெருக, அந்த மலைமக்களின் கதை ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. விஜய் சேதுபதி இதே இரட்டையரின் 'ஃபர்ஸி' தொடரின் மைக்கேலாக வந்து நிற்கும்போது கைதட்டத் தோன்றும். கதைக்கு அதனால் ஆன நன்மை குறைவு.

முடிவு என்று ஒன்று இல்லாததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் சீசனும் பாதியில்தான் நின்றது. ஆனால் அங்கே பத்து அங்கங்களில் ஒரு மனிதனை முழுதாக அறிந்திருந்தோம். இங்கே ஏழு அங்கங்கள் ஓடி, எந்த முடிச்சும் அவிழாமல், அடுத்த சீசனுக்கு வாருங்கள் என்று வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். நாலரை வருடம் காத்திருந்தவர்களுக்கு இது மரியாதையில்லை.

முன்பு பார்க்காத நேயர்கள் முதல் சீசனிலிருந்து தொடங்குங்கள். கரீம் வருகிற அங்கங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்து, பிறகு அவர்களோடு பேசுங்கள். மூன்றாவது சீசனை நான்காவது வரும்வரை தள்ளி வைப்பதால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை.